பெற்றோல் இல்லாத மாதங்களும் என் இரத்தச் சீனியும்

2022ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்துக் காலை ஒன்றில், நீரிழிவுக் கிளினிக்கின் வாங்கில் மூன்று மணித்தியாலம் காத்திருந்து என் முறை வந்து உள்ளே போனபோது, இளம் வைத்தியர் என் கொப்பியின் பழைய பக்கத்தையும் அன்றைய பரிசோதனைத் துண்டையும் மாறிமாறிப் பார்த்தார். பங்குனியில் 7.9 ஆக இருந்த எச்.பி.ஏ.1.சி. அளவு 6.8 ஆக இறங்கியிருந்தது. அது ஒரு நாளின் சீனியைக் காட்டும் கணக்கல்ல. முந்திய இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்லும் கணக்கு. ஆகவே கிளினிக்குக்கு முதல்நாள் சோற்றைக் குறைத்து அதை ஏமாற்ற முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"குளிசை ஏதும் கூட்டினனீங்களோ?"

"இல்லை."

"அப்ப என்ன செய்தனீங்கள் ஐயா?"

"பெற்றோல் இல்லை, டொக்டர்."

அவர் முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அன்று காலை இதே பதிலைச் சொன்ன மூன்றாவது ஆள் நான் என்றார்.

அந்த ஆண்டின் சித்திரை தொடங்கி ஆவணி வரை நாடு கிடந்த கிடையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருள் நிலையங்களின் முன்னால் இரவு பகலாக வரிசை நீண்டது, ஆனி முடிவில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு எவருக்கும் எரிபொருள் இல்லை என்றாயிற்று, ஆடியில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்தார்கள். இரண்டு முறை வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய பிறகு, மூன்றாம் முறை நிற்க மனமில்லாமல், பின் கொட்டிலின் வளையில் இருபது வருடமாகக் கட்டித் தூக்கியிருந்த பழைய சைக்கிளை இறக்கினேன். ரயர், ரியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, இணுவிலிலிருந்து யாழ்ப்பாண நகரத்தில் இருக்கும் கந்தோருக்கு மிதிக்கத் தொடங்கினேன். ஒரு வழி ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர்.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடுவது சுலபம் என்று வெளியூர்க்காரர் நினைப்பதுண்டு. ஏற்றமென்று சொல்ல ஒரு மேடுகூட இல்லாத தரை இது என்பது உண்மைதான். ஆனால் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வீசும் சோளகத்துக்கு முகங்கொடுத்துத் தெற்கு நோக்கி மிதித்தவனுக்குத் தெரியும், இங்கே காற்றுத்தான் மலை. காலையில் கந்தோருக்குப் போக முப்பது நிமிடம் பிடித்தது. மாலையில் அதே சோளகம் முதுகில் கைவைத்துத் தள்ள இருபத்திரண்டு நிமிடத்தில் வீட்டுப் படலைக்கு வந்துவிடுவேன். நாளுக்கு ஐம்பத்திரண்டு நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 260 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டல், வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. மிதமானது என்றால், பக்கத்தில் வருபவருடன் பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவிலான மூச்சு வாங்கல். ஒரு சதமும் செலவழிக்காமல், உடற்பயிற்சி செய்கிறேன் என்ற நினைப்பும் இல்லாமல், அந்த வழிகாட்டலின் நடுப்பகுதியில் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

குளிசை மாறவில்லை, அளவு மட்டும் இறங்கியது என்றால் உள்ளே என்ன நடந்தது? சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோசின் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்ளும் களஞ்சியம் எங்கள் தசைதான். வழக்கமாக இன்சுலின் வந்து தட்டினால்தான் தசையின் படலை திறக்கும். என்னைப் போன்ற இரண்டாம் வகை நீரிழிவுக்காரரிடம் இன்சுலின் தட்டுகிறது. தசைக்குக் காது கேட்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது, இன்சுலினைக் கேளாமலே, குளுக்கோசை உள்ளே எடுக்கும் ஒருவகைப் புரதங்கள் உயிரணுவின் உள்ளிருந்து அதன் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றன. முன்படலை இறுகிக் கிடக்கிறதென்று பக்கத்து வளவார் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து போவதைப் போன்ற ஏற்பாடு இது. அந்தப் பொட்டு மிதித்து முடிந்ததும் மெல்ல அடைபடுகிறது. ஆனால் அதற்குப் பிறகும் ஒரு நாள், சிலவேளை இரண்டு நாள் வரை, முன்படலையே வழக்கத்தைவிட இலகுவாகத் திறக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்குமேல் பயிற்சியை விடக்கூடாது என்று வைத்தியர்கள் சொல்வதன் காரணம் இதுதான். ஞாயிறு ஒருநாள் மட்டும் மூன்று மணித்தியாலம் ஓடிக் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று நினைப்பவர்களின் சீனி புதன்கிழமை பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது.

என் அளவு இறங்கியதன் பெருமை முழுவதையும் சைக்கிளுக்குக் கொடுப்பதும் நேர்மையல்ல. அந்த மாதங்களில் பாணின் விலை ஏறியது. பின்னேரம் கடையில் வாங்கும் வடையும் றோல்சும் நின்றன. இரவுக் கொத்துரொட்டி கனவாயிற்று. இவையும் சேர்ந்தே வேலை செய்திருக்கும். ஆனால் என் நிறை இரண்டு கிலோவுக்குமேல் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இந்த இடத்தில் எனக்கு ஆறுதல் தருவது. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு நடையும் உணவுக் கட்டுப்பாடும், இன்னொரு பகுதியினருக்கு மெற்போமின் குளிசை, மற்றொரு பகுதியினருக்கு இரண்டும் என்று கொடுத்துப் பார்த்தார்கள். வாழ்க்கைமுறை மாற்றம் மட்டும் கடைப்பிடித்தவர்களிடம் நீரிழிவாக மாறும் வாய்ப்பு 28.5 வீதம் குறைந்தது. குளிசை மட்டும் எடுத்தவர்களிடம் 26.4 வீதம். இரண்டையும் சேர்த்தவர்களுக்கு மேலதிகமாக ஒன்றும் கிடைக்கவில்லை. குறிப்பிடத்தக்க விடயம், அவர்களின் நிறை பெரிதாகக் குறையாமலே இந்தப் பயன் கிடைத்தது. தராசைப் பார்த்து நடப்பவர்கள் மூன்றாம் மாதத்தில் நடையைக் கைவிடுவதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். தராசு காட்டாத இடத்திலேதான் வேலை நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

கிளினிக்கிலிருந்து வந்த பிறகு இதைப் பற்றி வாசித்துக்கொண்டு போனபோது கியூபாவின் கதை அகப்பட்டது. சோவியத் ஒன்றியம் உடைந்ததும் 1991 தொடக்கம் அந்த நாட்டுக்கு எரிபொருளும் உணவும் வருவது படுத்துவிட்டது. அரசு சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சைக்கிள்களை இறக்கி மக்களுக்குக் கொடுத்தது. பேருந்தில் போனவர்கள் மிதித்தார்கள், நடந்தார்கள், வயலில் கையால் வேலை செய்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள். 1995 வரையான ஐந்து ஆண்டுகளில் வளர்ந்தவர்களின் சராசரி நிறை ஐந்தரைக் கிலோ குறைந்தது. அதைத் தொடர்ந்து நீரிழிவாலும் இதயநோயாலும் ஏற்பட்ட மரணங்கள் இறங்கின. பொருளாதாரம் தலைதூக்க, நிறையும் திரும்பியது, நீரிழிவும் திரும்பியது. சியென்ஃபுயேகோஸ் நகரத்து மக்களின் தரவுகளைக் கொண்டு எழுதப்பட்ட இந்த ஆய்வு 2013இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்தது. அதை வாசித்தபோது யாரோ எங்களைப் பற்றி எழுதியதுபோல இருந்தது. அதே காலத்தில் சத்துக்குறைவால் ஏறத்தாழ ஐம்பதாயிரம் கியூபர்களுக்குப் பார்வை நரம்போ கைகால் நரம்புகளோ பாதிக்கப்பட்டன என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். பஞ்சத்தை மருந்தென்று புகழ எவருக்கும் உரிமையில்லை.

ஏனெனில் அதே 1991இல் நாங்களும் மிதித்துக்கொண்டிருந்தோம். பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை, பெற்றோல் கண்ணுக்குத் தெரியாத விலை. வசதியுள்ளவர்கள் நாலு துளி பெற்றோலில் மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், மற்றெல்லோருக்கும் சைக்கிள்தான். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, விறகு ஏற்றுவது, பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடுவது எல்லாம் கரியரிலும் பாரிலும் நடந்தன. இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டோம். சுற்றுபவன் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். அந்த இருபது வயதுக் கால்களை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஆனால் மருந்தும் உணவும் இல்லாமல் எத்தனை பேர் அந்தக் காலத்தில் போனார்கள் என்பதை மறந்துவிட்டு, "அப்பவெல்லாம் சீனி வருத்தம் எங்கே இருந்தது" என்று பேசுவது எனக்கு ஒவ்வாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. எங்கள் ஊரில் உடலை அசைப்பது எப்போதும் இல்லாமையின் அடையாளமாகவே இருந்திருக்கிறது. ஐயா இளவயதில் புகையிலைத் தோட்டத்துக்குத் துலா மிதித்தவர். ஒருவர் கிணற்றடியில் பட்டையைக் கவிழ்க்க, மற்றவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து அதை இறக்கி ஏற்ற வேண்டும். விடியமுன் தொடங்கும் இறைப்பு வெயில் ஏறும்வரை நீளும். தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வந்த நாளை அவர் விடுதலை நாள் போலச் சொல்லுவார், அது நியாயமும்கூட. அவருடைய ஒரே ஆசை பிள்ளைகள் கதிரையில் இருந்து வேலை செய்ய வேண்டும் என்பது. நாங்கள் அந்த ஆசையை மிகையாகவே நிறைவேற்றிவிட்டோம். 2002இல் ஏ9 பாதை திறந்து பொருட்கள் வந்ததும் முதல் வேலையாகச் சைக்கிளைக் கொட்டிலில் தூக்கினோம். கந்தோர் உத்தியோகத்தர் சைக்கிளில் வந்தால், "என்ன, மோட்டார் சைக்கிள் பழுதோ?" என்று இன்றும் கேட்கிறார்கள். பழைய பள்ளிக்கூட வாத்திமார் தேகாப்பியாசம் என்று ஒரு சொல் சொல்லுவார்கள். அது வேலை செய்ய வேண்டிய தேவை இல்லாதவர்களுக்கு உரிய சொல் என்றுதான் ஐயா நினைத்திருந்தார். இப்போது அந்தத் தேவை இல்லாதவர்கள் நாங்கள்தான்.

கதிரையில் இருப்பது இதயத்துக்கு என்ன செய்யும் என்பதை முதன்முதலில் எண்ணிக் காட்டியவர் ஜெரி மொறிஸ் என்ற பிரித்தானிய வைத்தியர். லண்டனின் இரட்டைத்தட்டு பஸ்களில் சாரதி நாள் முழுவதும் இருந்தபடி ஓட்டுவார். நடத்துனர் நாளுக்குப் பல நூறு படிகள் ஏறி இறங்கி ரிக்கற் கொடுப்பார். இருவரும் ஒரே வர்க்கம், ஒரே சம்பளத் தட்டு, ஒரே பஸ். ஆனால் இதயநாடி நோய் நடத்துனர்களிடம் தெளிவாகக் குறைவு என்று 1953இல் அவர் எழுதினார். சாரதிகள் உடம்பு பெருத்தவர்கள் என்பதால்தானோ என்ற கேள்விக்கு, சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவேட்டையே தேடியெடுத்து, ஒரே இடுப்பளவு உள்ளவர்களிடையேயும் வித்தியாசம் நிற்கிறது என்று பின்னர் காட்டினார். மொறிஸ் 2009இல் இறந்தபோது வயது 99. எங்கள் தனியார் பஸ்களில் ஒரு காலை மட்டும் மிதிபலகையில் வைத்துத் தொங்கிக்கொண்டு, நிறுத்தத்துக்கு நிறுத்தம் குதித்து இறங்கி ஆள் ஏற்றும் பொடியனை யாராவது இப்படி ஆராய்ந்தால் நன்றாக இருக்கும்; ஆனால் அவனுக்கு வேறு ஆபத்துகள் உண்டு.

இரத்தச் சீனியும் இதயமும் நான் ஓரளவு எதிர்பார்த்தவை. எதிர்பாராதது தலைக்குள் நடந்தது. சைக்கிள் தொடங்கி மூன்றாவது வாரமளவில், மணிக்கணக்காக மின்வெட்டு இருந்த அந்தப் புழுக்க இரவுகளிலும், படுத்ததும் நித்திரை வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கோப்புகளின்மேல் தலை சாய்வது நின்றது. பல வருடமாக என்னைச் சங்கடப்படுத்திவந்த ஒரு குறை, எதிரில் நிற்பவரின் முகம் தெரிந்தும் பெயர் நாக்கில் வராமை, குறைந்தது. மனைவி வேறொன்றைக் கவனித்திருந்தாள்: "இப்ப நீங்கள் எரிஞ்சு விழுறதில்லை." இவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மனப்பிரமை என்று ஒற்றை ஆளை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே பலரை வைத்துப் பார்த்தவர்களிடம் போக வேண்டும்.

காதுகளுக்கு உட்புறமாக, மூளையின் இரு பக்கமும், கடற்குதிரையைப் போல வளைந்த ஒரு பகுதி இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்ற அதன் பெயருக்கு கிரேக்கத்தில் பொருளும் கடற்குதிரைதான். இன்று நடந்ததை நாளைக்கு நினைவாக மாற்றி வைப்பதில் முதன்மையான இடம் அதற்கு. அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே தாக்கும் இடங்களில் ஒன்றும் அது. முதுமையில் அது ஆண்டுக்கு ஒன்றிரண்டு வீதம் சுருங்கிக்கொண்டே போகும். அமெரிக்காவில் 55 முதல் 80 வயது வரையான 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை வாரத்தில் மூன்று நாள் நாற்பது நிமிடம் வேகமாக நடக்கவும், மற்றவர்களைக் கைகால்களை நீட்டி மடக்கும் இலேசான பயிற்சி மட்டும் செய்யவும் விட்டார்கள். ஓராண்டின் பின் படம் எடுத்துப் பார்த்தபோது, நடந்தவர்களின் கடற்குதிரை 2 வீதம் வளர்ந்திருந்தது, மற்றவர்களுடையது 1.4 வீதம் சுருங்கியிருந்தது. 2011இல் வெளிவந்த இந்த முடிவைக் கேட்டு எல்லோரும் குதித்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாமே இந்த அளவு வளர்ச்சியைக் காணவில்லை என்பதால் நான் குதிக்கவில்லை. ஆனால் சுருங்குவதை மட்டுப்படுத்தினாலே போதும் என்ற வயதில் இருக்கிறேன்.

நடக்கும் கால் மூளைக்கு எப்படித் தகவல் அனுப்புகிறது என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை. பி.டி.என்.எப். என்று சுருக்கிச் சொல்லும் ஒரு புரதம், 1982இல் பன்றியின் மூளையிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது, நரம்பணுக்கள் பிழைத்திருக்கவும் புதிய கிளை விடவும் துணைசெய்கிறது. உடற்பயிற்சியின்போது அதன் அளவு கூடுகிறது. தோட்டத்துக்குப் பசளை என்று சிலர் இதை வருணிக்கிறார்கள். எனக்கோ தண்ணீர்தான் முக்கியமாகப் படுகிறது. உடல் நிறையில் 2 வீதமே உள்ள மூளை, சும்மா இருக்கும்போதே உடலின் சக்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கைச் செலவழிக்கிறது. அதைக் கொண்டுபோகும் நுண்ணிய இரத்தக் குழாய்களை உயர் இரத்த அழுத்தமும் சீனியும் வருடக்கணக்கில் அரிக்கின்றன. பாரிசவாதம் வரும் நாளில்தான் நாங்கள் அதை அறிகிறோம், அதற்குமுன் மறதியாக அது எட்டிப்பார்த்திருக்கும். ஒழுங்கான பயிற்சி, பிரசர் உள்ளவர்களின் மேல் அழுத்தத்தை ஐந்து முதல் எட்டுப் புள்ளி வரை இறக்கக்கூடியது. வாய்க்காலைச் செப்பமாக வைத்திருந்தால்தான் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேரும் என்பதைத் தோட்டக்காரன் மகனுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. மறதிநோயைப் பற்றி 2024இல் லான்செற் மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைக் கையாண்டால் உலகின் மறதிநோய்களில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ பிற்போடவோ முடியும் என்கிறது. உடலியக்கம் இல்லாமை அவற்றில் ஒன்று. ஆனால் நீரிழிவு, உயர் அழுத்தம், உடற்பருமன், மனச்சோர்வு, தனிமை ஆகிய வேறு ஐந்தையும் நடை தொட்டுச் செல்கிறது.

மனச்சோர்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் இல்லை. அந்த இல்லாமையைப் பற்றிப் பேசாமல் முப்பது வருடம் கதிரையில் இருந்தவர்கள் பலர். கடும் மனச்சோர்வு உள்ள, ஐம்பது வயதைத் தாண்டிய 156 பேரை வைத்து 1999இல் வெளியான ஓர் ஆய்வில், பதினாறு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்கள் மருந்து எடுத்தவர்களுக்கு இணையாகத் தேறினார்கள். மருந்து தொடக்கத்தில் விரைவாக வேலை செய்தது என்பதே வித்தியாசம். யாரும் இதைப் படித்துவிட்டு எடுக்கும் மருந்தை நிறுத்தக்கூடாது. ஆனால் "மனம் சரியில்லை" என்று சொல்பவரை "பேசாமல் படுத்து எழும்பு" என்று அனுப்புவதைவிட, "வா, கோயிலடி வரைக்கும் நடந்திட்டு வருவம்" என்று கூட்டிக்கொண்டு போவது நல்லது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

படுத்து எழும்பச் சொல்வது எங்களுடைய பெருவியாதி. அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. எண்பது வரை முற்றம் கூட்டி, கிணற்றில் அள்ளி, தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர். கனடாவிலிருந்து அண்ணை தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் சொல்லுவார்: "அம்மாவை ஒண்டும் செய்ய விடாதை. காசு அனுப்புறன், ஆள் வை." ஆள் வைத்தோம். உடுப்புத் தோய்க்க இயந்திரம் வந்தது, தண்ணீர்த் தாங்கி வந்தது, மா அரைக்க, தேங்காய் துருவ எல்லாவற்றுக்கும் ஒன்று வந்தது. பாசத்தால் ஒவ்வொன்றாக அம்மாவின் கையிலிருந்து பறித்தெடுத்தோம். மூன்றே வருடத்தில் கதிரையிலிருந்து எழும்ப இரண்டு கை வேண்டியதாயிற்று. ஒருநாள் குளியலறை வாசலில் விழுந்தார். நல்லகாலம், எலும்பு முறியவில்லை. மறதியும் அந்தக் கதிரையில் வைத்துத்தான் வேகம் பிடித்தது. ஒன்று மற்றதற்குக் காரணமா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, இரண்டும் சேர்ந்து வந்ததைக் கண்டேன்.

1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரத்தில் இருபது வயது ஆரோக்கியமான இளைஞர் ஐவரை மூன்று வாரம் கட்டிலில் கிடத்தி ஒரு பரிசோதனை செய்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐவரையும் தேடிப்பிடித்து அளந்தபோது, முப்பது வருட முதுமை அவர்களின் உடல் வலுவைக் குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது. இளைஞனுக்கே இப்படியென்றால் எண்பது வயதுக்காரரை ஓய்வென்ற பேரில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று யோசிக்க வேண்டும். மறுபக்கமும் உண்டு. பொஸ்ரன் நகரத்து முதியோர் இல்லமொன்றில் சராசரி 90 வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் பாரம் தூக்கப் பயிற்றியபோது, அவர்களின் தொடைத் தசை வலு சராசரியாக 174 வீதம் கூடியது என்று 1990இல் எழுதினார்கள். தசைக்கு வயது தெரியாது போலும், கேட்டால் கொடுக்கிறது.

நடை மட்டும் போதாது என்பதை நான் அறிந்தது இந்த வழியில்தான். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பாரம் வேண்டும். அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும். இதற்கு ஜிம் அவசியமில்லை. நான் சனி ஞாயிறுகளில் மோட்டரைப் போடாமல் துலாக்கயிற்றைப் பிடித்து அள்ளிக் குளிக்கிறேன், பிறகு பூக்கன்றுகளுக்கும் இரண்டு வாளியாகத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுகிறேன். பக்கத்து வளவார் மோட்டர் பழுதோ என்று கேட்டார்கள்.

நாளுக்குப் பத்தாயிரம் அடி என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து வருந்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த எண் வைத்தியசாலையில் பிறந்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியொன்றின் பெயரிலிருந்து வந்தது. சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களைத் தொடர்ந்த ஆய்வொன்று, நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு வாய்ப்பு 41 வீதம் குறைவு என்றும், 7,500க்கு மேல் போனால் பெரிதாக மாற்றமில்லை என்றும் 2019இல் சொன்னது. ஆகப் பெரிய இலாபம் ஒன்றுமில்லாததிலிருந்து கொஞ்சத்துக்குப் போகும்போதுதான் கிடைக்கிறது.

எங்கே நடப்பது என்பது இங்கே உண்மையான பிரச்சினை. நகரத்தில் இருப்பவர்களுக்குப் பண்ணைப் பாலத்தடியும் முற்றவெளியும் ஆரியகுளத்தடியும் உண்டு. ஊர்களில் நடைபாதை என்று ஒன்றில்லை. விடியமுன் போனால் தெருநாய், விடிந்த பின் போனால் மணல் ரிப்பர். பெண்கள் தனியே வேகமாக நடந்தால் "எங்கை பிள்ளை அவசரமாய்?" என்று மதிலுக்கு மேலால் கேட்கிறார்கள். என் மனைவியும் இன்னும் நாலு பெண்களும் இதற்குக் கண்ட வழி கோயில் வீதி: சுற்றி வந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை, தரை செப்பமாக இருக்கிறது, நாய்களுக்கும் அவர்களைப் பழக்கம். ஆனால் நீரிழிவுக்காரர் கோயில் வீதியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆவணி வெயிலில் நல்லூர்த் திருவிழாவுக்கு வெறுங்காலோடு நடப்பவர்களில், கால் நரம்பு மரத்துப்போனவர்களுக்கு மணல் சுடுவது தெரிவதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் கொப்புளம் தெரியும், அது புண்ணாகி விரலை எடுத்த கதைகள் எல்லாக் கிளினிக்கிலும் உண்டு. அதிகாலையில் போகலாம், வந்ததும் உள்ளங்காலைப் பார்க்கலாம். இன்சுலினோ சீனியைச் சடுதியாக இறக்கும் குளிசையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் இரண்டு ரொபி வைத்திருக்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வந்தால் நின்று, அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். அதைக் காற்றுப் பிடிப்பென்று ஓமத்தண்ணீர் குடித்து மூடியவர்களில் எங்கள் மாமா ஒருவர்.

கிளினிக்கில் சிரித்துவிட்டு வந்த கதையின் மீதியையும் சொல்ல வேண்டும். பெற்றோல் வந்தது. நான் ஏதோ சபதம் எடுத்ததாக நினைக்க வேண்டாம். முதல் வாரமே மோட்டார் சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். வாடை தொடங்கி மழையும் வந்ததால் நல்ல சாட்டும் கிடைத்தது. 2023 சித்திரையில் அளவு 7.6. அதே வைத்தியர். "பெற்றோல் வந்திட்டுது போல," என்றார். அதற்குப் பிறகுதான் திங்கள், புதன், வெள்ளி சைக்கிள் என்று வைத்தேன். இல்லாமை தள்ளியபோது ஐந்து நாள் மிதித்தவனுக்கு, தானாகத் தெரிந்தெடுத்து மூன்று நாள் மிதிப்பது எவ்வளவு கடினம் என்பதை என்னைத் தவிர எவருக்கும் சொல்ல வெட்கமாக இருந்தது. மோட்டார் சைக்கிளின் திறப்பை அந்த நாட்களில் மனைவி எடுத்து வைத்துக்கொள்கிறாள். சென்ற முறை 6.9.

அம்மாவுக்கு உடற்பயிற்சி வைத்தியர் காட்டித் தந்தது ஒன்றே ஒன்று: கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருப்பது, காலையும் மாலையும் பத்துத் தரம். முதல் மாதம் மூன்றுடன் நின்றார். இப்போது நான் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்க, அவரே எண்ணுவார். ஆறோ ஏழோ வந்ததும் எண் தவறிவிடும். சிறிது யோசித்துவிட்டு, "ஒண்டு" என்று மீண்டும் தொடங்குவார். சில நாட்களில் பதினைந்து வரை போகும். நான் திருத்துவதில்லை.